ஒரு சொல்லா, இரு சொல்லா?

ஆங்கிலம் பயிலும் நம் மாணவர் பலர், எழுத்துக்கூட்டலிற் காட்டும் கவனத்தைச் சொற்களின் நடுவேயுள்ள வெற்றிடத்திற் காட்டுவதில்லை. 'எவ்ரிடே' என ஒன்றாக எழுதினால் 'அன்றாட' என்னும் பொருள்தரும் அடைமொழி. 'எவ்ரி டே' எனப் பிரித்தால் 'நாள்தோறும்' என்பதாம். இறக்குவானையிலோ எட்டியாந்தோட்டையிலோ ஒரு மாணவி, தன் தாயார் நாள்தோறும் கொழுந்து பறிக்கிறார் என எழுதப் புகுந்தால், பிரித்தே எழுதல் வேண்டும். ஐயம் எழுமிடத்து நடுவே 'சிங்கிள்' என்ற சொல்லைச் செருகிப் பார்க்க. பொருள் கெடாது நின்றால் அவை இரு சொற்களே.

தமிழருக்கு இது புதிதன்று. ஒன்றாய் நின்று ஒரு பொருளும், பிரிந்து நின்று வேறு பொருளும் தருவனவற்றைப் பவணந்தியார் நன்னூலிலே பொதுமொழி என்றார். தாமரை பூவாகும், 'தா மரை' எனப் பிரித்தால் தாவுகின்ற மானாகும்.

'சம் டைம்', 'சம்டைம்' என்பன இன்னும் தொல்லை தருவன. லயத்துக் கூரையைத் திருத்தித் தருமாறு அனுப்பிய மனுவுக்கு ஆங்கிலத்தில் மறுமொழி வருகிறதென்று கொள்வோம். வேலைக்குச் 'சம் டைம்' ஆகும் எனில், சிறிது காலம் செல்லும் என்பது பொருள். 'சம்டைம்' செய்யப்படும் எனில், என்றோ ஒரு நாள். அந்நாள் மழைக்கு முன்னரோ பின்னரோ, யாரறிவார்? கடிதத்தை வாசித்துச் சொல்லும் பிள்ளை இவ்வேறுபாட்டையும் வீட்டாருக்குச் சொல்லல் வேண்டும்.

இவற்றினும் பெரிது பெயர். முத்துலெட்சுமி என்ற பெயரை ஆங்கில எழுத்தில் ஒருவர் ஒன்றாகவும் மற்றொருவர் இரண்டாகவும் எழுதுவர். காதுக்கு ஒருத்தியே, காகிதத்திலோ இருவர். ஊழியர் சேமலாப நிதி, 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்டது. பல்லாண்டு இறப்பர் பால் வெட்டிய அம்மையார் அந்நிதியைப் பெறச் செல்லும்போது, பத்திரங்களிற் பெயர் வேறுபட்டிருப்பின், இரண்டும் தாமே எனச் சத்தியக்கடதாசி முடித்துக் காட்டவேண்டி நேரலாம். அதற்கும் செலவுண்டு; ஒரு நாட் கூலியும் போய்விடும்.

ஆதலின், பெற்றோருக்காகப் படிவம் நிரப்பும் மாணவர், முதற் பத்திரத்தை முன்னே வைத்துக்கொண்டு அதிலுள்ளவாறே பெயரை எழுதுக. இலக்கணம் கருதி ஒட்டவும் வேண்டா, அழகு கருதி வெட்டவும் வேண்டா.

'மேபி', 'மே பி' என்பன பற்றி அடுத்த ஞாயிறன்று காண்போம்.