பழைய கட்டளையில கை வைக்காதீங்கப்பா!

ரொம்ப நாளா மனசுல கிடந்த சண்டை. இன்னைக்கு இறக்கி வெச்சுடறேன். கணினி ஆசாமிகள் அடிக்க வரலாம், தமிழ் ஆர்வலர்களும் அடிக்க வரலாம். ரெண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு :-)

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. எங்க ஊர் பேரையே எடுத்துக்குவோம். குலசேகரன்பட்டினம். எத்தனை எழுத்து? ஒண்ணாப்பு படிக்கிற பிள்ளையைக் கேட்டா கு, ல, சே, க, ர, ன், ப, ட், டி, ன, ம்னு விரல் விட்டு எண்ணி 11ன்னு சொல்லிடும். லினக்ஸைக் கேளுங்க. அதுக்குன்னே டபிள்யூ.சி.ன்னு ஒரு கட்டளை இருக்கு (சிரிக்காதீங்க, வேர்ட் கவுண்டோட சுருக்கம்). 1971ல யூனிக்ஸ் முதல் பதிப்போடயே வந்த கிழவன். மைனஸ் சி போட்டா 51ங்குது. மைனஸ் எம் போட்டா 17ங்குது. 11 எங்கயும் இல்ல!

காரணம் எளிது. யூனிகோட்ல 'கு'ன்னா க ஒண்ணு, உகரக் குறி ஒண்ணு. 'ன்'ன்னா ன ஒண்ணு, புள்ளி ஒண்ணு. இப்படி மொத்தம் 17 குறியீடு. யூ.டி.எஃப்-8ல ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ஆக 51.

உடனே நம்மாளுங்க கொடி பிடிப்பாங்க. "மைனஸ் எம் தமிழுக்குத் துரோகம் பண்ணுது, அதை 11ன்னு சொல்ல வை!" கோபம் நியாயம்தான். ஆனா கேக்குற விஷயம் தப்பு. 17ஐ நம்பி எழுதின ஸ்கிரிப்ட் எத்தனை இருக்கும்னு யாருக்குத் தெரியும்? 11 வேணும்னா அதுக்குப் புதுசா ஒரு ஆப்ஷன் கேளுங்க. மைனஸ் எம்மை விட்டுடுங்க.

இந்த வழியை டபிள்யூ.சி.யே ஏற்கெனவே காட்டியிருக்கு. மைனஸ் சிங்கிற 'சி' கேரக்டரைத்தான் குறிச்சது. அந்தக் காலத்துல எழுத்தும் பைட்டும் ஒண்ணு. பல பைட் எழுத்துகள் வந்தப்போ போஸிக்ஸ்காரங்க என்ன பண்ணினாங்க? மைனஸ் சி பைட்டையே எண்ணட்டும்னு விட்டாங்க. எழுத்தை எண்ண மைனஸ் எம்னு புதுசா கொடுத்தாங்க. பேர் கொஞ்சம் பொருந்தாமப் போச்சுதான், ஆனா ஒரு ஸ்கிரிப்டும் சாகல.

இப்போ கட் கட்டளைக்கு வாங்க. வரியிலேருந்து துண்டு வெட்டி எடுக்குறது. இதுல மைனஸ் பி பைட்டுக்கு, மைனஸ் சி எழுத்துக்குன்னு காகிதத்துல இருக்கு. ஆனா க்னூவோட கட்ல பல வருஷம் ரெண்டும் ஒண்ணுதான். இப்போதைக்கு இப்படி, பின்னால மாறும்னு மேனுவல்லயே ஒரு வரி. அந்தப் 'பின்னால'வைப் பார்க்கப் பொறுமை இல்லாம ஃபெடோரா, சூஸே மாதிரி விநியோகங்கள் தாங்களே ஒட்டுப் போட்டுக்கிட்டாங்க. டெபியன் போடல. விளைவு? எங்க ஊர் பேர்ல முதல் மூணைக் கொடுன்னா ஒரு மெஷின்ல 'குல'ன்னு வரும், இன்னொண்ணுல வெறும் 'க'. ஒரே கட்டளை, ஒரே கோப்பு, ரெண்டு பதில்!

"அப்போ எல்லா இடத்துலயும் எழுத்துன்னே மாத்திடலாமே, பழைய ஸ்கிரிப்டை அவனவன் திருத்திக்கட்டும்"னு சொல்ற புதுமைப் பேர்வழிகளுக்கு ஒரு கேள்வி. அந்த 'அவனவன்' எங்க இருக்கான்? தூத்துக்குடியில ஏதோ ஒரு சின்ன ஆபீஸ்ல ராத்திரி 2 மணிக்குத் தானா ஓடுற ஸ்கிரிப்டை எழுதினவர் துபாய் போய் வருஷக்கணக்காகியிருக்கும். இப்போ இருக்கிறவருக்கு அப்படி ஒண்ணு ஓடுறதே தெரியாது.

கோப்புல முதல் 60 பைட் பேருக்கு, 61லேருந்து 70 வரைக்கும் தொகைக்குன்னு வைங்க. ஸ்கிரிப்ட் கட் மைனஸ் சி 61-70ன்னு எடுக்குது. நாளைக்கு மைனஸ் சி எழுத்தை எண்ண ஆரம்பிச்சா, குலசேகரன்பட்டினம்னு இருக்குற வரியில 51 பைட் 17ஆச் சுருங்கும். கட் 34 இடம் தள்ளிப் போய் வெட்டும். பிழைச் செய்தி வராது. ஆங்கிலப் பேர் இருக்குற வரியெல்லாம் சரியா வரும், தமிழ்ப் பேர் இருக்குற வரி மட்டும் தப்பாப் போகும். தமிழுக்கு நல்லது பண்றோம்னு கிளம்பி முதல் அடியே தமிழுக்குத்தான்!

எதிர்த்தரப்புலயும் விஷயம் இருக்கு, இல்லைன்னு சொல்லல. 1976ல மேக் கருவியை எழுதின ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன், கட்டளை வரிக்கு முன்னால டேப்தான் வரணும்னு வெச்சுட்டார். அது வம்புன்னு புரிஞ்சப்போ அவருக்குப் பயனர்கள் ஒரு டஜன் பேர்தான். அவங்களைத் தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டார். இன்னைக்கும் டேப்புக்குப் பதிலா ஸ்பேஸ் வெச்சுட்டு முழிக்கிறோம். பழசைக் காப்பாத்துறதுக்கும் விலை உண்டு.

இன்னொரு தரப்பு ராப் பைக்குடையது. 1983லயே அவர் கேட் கட்டளைக்கு மைனஸ் வி எதுக்குன்னு சண்டைக்குப் போனார். புது வேலைக்குப் புதுக் கருவி எழுது, பழசுல ஆப்ஷனாக் குவிக்காதேங்கிறது அவர் கட்சி. பேஷ், ஒத்துக்கறேன். புது ஆப்ஷனோ புதுக் கருவியோ, ஏதோ ஒண்ணு. பழைய பேருக்குப் புது அர்த்தம் மட்டும் வேண்டாம். அந்தப் பைக்கும் கென் தாம்ஸனும் 1992ல போட்டதுதான் யூ.டி.எஃப்-8. அது ஜெயிச்சதுக்குப் பெரிய காரணமே, பழைய ஆஸ்கி கோப்பு ஒரு பைட்கூட மாறாம அதுக்குள்ள செல்லும்ங்கிறதுதான்.

2022ல கிரெப் 3.8 வந்தப்போ ஈ-கிரெப், எஃப்-கிரெப் ரெண்டும் "நான் பழசு, என்னைக் கூப்பிடாதே"ன்னு ஒவ்வொரு தடவையும் எச்சரிக்கை துப்ப ஆரம்பிச்சுது. என்ன சாதிச்சாங்க? பஸ்ல ஏறி குலசைன்னு கேட்டாலும் டிக்கெட் கொடுப்பார், குலசேகரன்பட்டினம்னு கேட்டாலும் கொடுப்பார். முழுப் பேரைச் சொல்லுன்னு எந்த நடத்துனரும் திட்டுறதில்ல. 1996ல மெட்ராஸ் சென்னை ஆச்சு, விமான நிலையக் குறியீடு இன்னும் எம்.ஏ.ஏ.தான். விமானம் சரியாத்தான் இறங்குது.

யூனிகோட்லயே பாருங்க. ஆய்தத்தோட அதிகாரப்பூர்வப் பேர் விஸர்கா! ழகரத்துக்கு மூணு எல், ஒரு ஏ! வயிறு எரியுதுதான். ஆனா ஒரு தடவை வெச்ச பேரை மாத்துறதில்லைங்கிறது அவங்க விதி. ஆய்தம்னு பக்கத்துல குறிப்பு மட்டும் போட்டிருக்காங்க. இந்த விதி இருக்குறதாலதான் இன்னைக்கு நாம எழுதுறது நாளைக்கும் படிக்கக் கிடைக்கும். டிஸ்கி, டாப், டாம்னு அலைஞ்சு, பொங்குதமிழ்ல போட்டுப் போட்டு மாத்தின கூட்டத்துக்கு இதை விளக்கணுமா என்ன?

11 இப்பவே வேணும்ங்கிறவங்களுக்கு: கிரெப்புக்கு மைனஸ் சின்ன ஓ, பெரிய பி கொடுத்து, பின்சாய்வுக்கோடும் பெரிய எக்ஸும் போட்டு, வர்ற வரிகளை எண்ணுங்க. 11 வரும். 'க்ஷ'வை ரெண்டா எண்ணும், அது ஒண்ணா ரெண்டான்னு நமக்குள்ளயே இன்னும் சண்டை தீரல. நாமளே முடிவு பண்ணாததை மைனஸ் எம் தலையில கட்டலாமா?

கேக்குறது ஒண்ணே ஒண்ணு. தமிழ் எழுத்தை எண்ண, வெட்ட, கட்டளைகள்ல தனி ஆப்ஷன் வேணும். மேனுவல்ல "பின்னால வரும்"னு ஜவ்வா இழுக்காம, இப்பவே, புதுப் பேர்ல. எழுதுறவங்க எழுதுங்க, மத்தவங்க கேட்டு நச்சரிங்க. கிழவன் பாட்டுக்கு 51, 17ன்னு சொல்லிட்டு இருக்கட்டும். பக்கத்துல பேரன் 11ன்னு சொல்லட்டும். அவ்வளவுதான் மக்கா!