முதலில் காற்று, பிறகு டயர்

தில்லியில் நம்மவர்கள் அதிகமாக வசிக்கும் எந்தக் குடியிருப்புக்குப் போனாலும் இப்போது வாசலில் ஒரு தாரோ ஜிம்னியோ நிற்கிறது. பெற்றவர்கள் மாருதி 800-ல் ஒதுங்கி ஒதுங்கி ஓட்டிய ஊரில் பிள்ளைகள் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி வாங்கி லடாக்குக்கும் ஸ்பிதிக்கும் ஜெய்சல்மேர் மணல்மேட்டுக்கும் போய் வருகிறார்கள். சந்தோஷம். மலையும் பாலையும் நமக்கும் சொந்தம்தானே!

ஆனால் இவர்கள் வண்டி வாங்கியதும் செய்கிற முதல் காரியம்தான் எனக்கு உடன்பாடில்லை. நல்ல டயரைக் கழற்றிவிட்டு, பட்டை பட்டையாகப் பல் வைத்த பெரிய டயராகப் போட்டுவிடுகிறார்கள். நான்கு டயருக்கு லட்சத்தை நெருங்கும் செலவு. "காற்று எவ்வளவு வைத்திருக்கிறாய்?" என்று கேட்டால், "பம்பில் அடித்தான் மாமா" என்று பதில் வருகிறது. லட்ச ரூபாய் டயருக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பெட்ரோல் பம்ப் பையனிடம் விட்டுவிட்டால் எப்படி?

முப்பது வருஷத்துக்கு மேல் ரயில்வேயில் சக்கரங்களோடு பழகியவன் நான். ரயிலுக்கும் டயர் உண்டு என்றால் இளைஞர்கள் சிரிக்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் ஓடிக்கொண்டிருந்த நீராவி இன்ஜின்களின் சக்கரத்தில் எஃகு டயரைச் சூடாக்கி மாட்டி, குளிர்ந்து இறுகும்படி விடுவார்கள். அதில் காற்றுக்கு வேலை இல்லை. ரப்பர் டயரில் வண்டியைத் தாங்குவது பெரும்பாலும் காற்றுதான். ரப்பரும் நூலும் கம்பியும் அந்தக் காற்றை அடைத்து வைக்கிற பை.

பாரமும் பரப்பும்

ரயில் சக்கரம் தண்டவாளத்தைத் தொடுகிற இடம் ஒரு சின்ன நாணயம் அளவுதான். அச்சுக்கு இருபது டன்னுக்கு மேல் பாரம். அதை அப்படியே மண்ணில் இறக்கினால் சக்கரம் புதைந்துவிடும். அதனால்தான் தண்டவாளத்துக்குக் கீழே ஸ்லீப்பர், அதற்குக் கீழே ஜல்லி என்று பாரத்தைப் பரப்பிக்கொண்டே போய்க் கடைசியில் மண்ணிடம் கொடுக்கிறோம். மொத்தப் பாரம் குறைவதில்லை. ஒவ்வொரு சதுர அங்குலமும் சுமப்பது குறைகிறது.

மணலில் ஓடும் காருக்கும் இதே கணக்குதான். ஆட்களோடு இரண்டாயிரம் கிலோ வண்டி என்றால் ஒரு சக்கரத்துக்கு ஐந்நூறு கிலோ, அதாவது சுமார் 1,100 பவுண்டு. சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு காற்று இருந்தால் டயர் தரையைத் தொடுவது ஏறக்குறைய 34 சதுர அங்குலம். காற்றை 16 ஆகக் குறைத்தால் தொடுபரப்பு இரண்டு மடங்கை நெருங்கும். டயரின் விறைப்பால் கணக்கு கொஞ்சம் முன்பின் ஆகலாம், அடிப்படை மாறாது. இப்படிக் கூடுகிற பரப்பு பெரும்பாலும் நீளவாக்கில் வருகிறது. ஒட்டகத்தின் பாதம் போல டயர் மணல்மேல் படர்ந்து போகிறது.

சாதாரண டயரில் காற்றைக் குறைத்தவன் சாம் மணல்மேட்டில் ஏறிவிடுவான். பெரிய பல் டயரில் 35 பவுண்டு வைத்திருப்பவன் அங்கேயே குழி தோண்டிக்கொண்டு நிற்பான். பல் பெரிதாக இருந்தால் குழி இன்னும் சீக்கிரம் ஆழமாகும்!

எந்த டயர்?

கடையில் மூன்று வகை சொல்வார்கள். ஹைவே டெரெய்ன், ஆல் டெரெய்ன், மட் டெரெய்ன். நம்மில் பெரும்பாலோர் வருஷத்தில் முந்நூற்று ஐம்பது நாள் ஓட்டுவது ரிங் ரோட்டிலும் எக்ஸ்பிரஸ் சாலையிலும்தான். மட் டெரெய்ன் டயர் சேற்றுக்குப் பிறந்தது. தார்ச்சாலையில் இரைச்சல் போடும், டீசல் குடிக்கும். முக்கியமாக, மழைச் சாலையில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்க அதிக தூரம் வேண்டும். பார்வைக்குக் கம்பீரம் என்பார்கள். முன்னால் போகிற ஸ்கூட்டர்காரருக்கு நம் கம்பீரத்தால் என்ன லாபம்?

மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஆல் டெரெய்ன் போதும். சில வண்டிகளுக்குத் தொழிற்சாலையிலேயே அதுதான் வருகிறது. ஆனால் கம்பெனி கொடுத்த அளவிலேயே வாங்குங்கள். டயரின் விட்டம் மூன்று சதவீதம் கூடினால் ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது வண்டி 103-ல் ஓடும். பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் பாரம் கூடும். வண்டியின் அமைப்பை இஷ்டம்போல் மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது என்பதும், விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கேள்வி கேட்க இடம் இருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

வாங்கும்போது பக்கவாட்டில் இருக்கும் எழுத்துகளைப் படியுங்கள். நான்கு இலக்க எண் தயாரித்த வாரமும் வருஷமும். 2324 என்றால் 2024-ன் 23-ஆவது வாரம். 112 என்ற எண் இருந்தால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். 'க்யூ' என்ற எழுத்து 160 கிலோமீட்டர் வேகத்துக்கும், 'எஸ்' 180-க்கும் எல்லை. அதே இடத்தில் அச்சிட்டிருக்கும் அதிகபட்சக் காற்றழுத்தத்தை நாம் அடிக்க வேண்டிய அளவு என்று பலர் நினைக்கிறார்கள். அது டயரின் உச்ச வரம்பு. நமக்கு வேண்டிய அளவு டிரைவர் கதவருகே உள்ள ஸ்டிக்கரில் இருக்கிறது. முழுப் பாரத்துக்குத் தனி அளவு போட்டிருந்தால் அதையும் பாருங்கள். கனத்த அடுக்கு கொண்ட 'எல்.டி.' வகை டயர் போட்டவர்கள் மட்டும், அந்த டயர் கம்பெனியின் பாரப் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். அதே பாரத்துக்கு அதற்குக் காற்று கூடுதலாக வேண்டும்.

லே போய் வருகிறவர்களுக்கு

நான் இந்தக் கட்டுரை எழுதக் காரணமே இதுதான். தில்லியின் ஜூன் மாத 40 டிகிரியில் 32 பவுண்டு அடித்துக்கொண்டு கிளம்புகிறீர்கள். லே சுமார் 3,500 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஐந்து பவுண்டு குறைவு. அதனால் கேஜ் கூடுதலாகக் காட்டும். ஆனால் விடியற்காலைக் குளிர் 10 டிகிரி என்றால் டயருக்குள் இருக்கும் காற்று சுருங்கும். ஒன்று ஏற்ற, ஒன்று இறக்க, கேஜ் மறுபடியும் 32-ஐ ஒட்டியே நிற்கும்.

மத்தியானம் வெயிலில் ஓடி டயர் 50 டிகிரி சூடானதும் அதே கேஜ் 38 காட்டும். உடனே பயந்து ஆறு பவுண்டு இறக்கிவிடுகிறார்கள். லேயில் ஒன்றும் ஆகாது. அதே டயரோடு மணாலி வழியாக இறங்கித் தில்லி வந்தால், வெயிலில் இருப்பது சுமார் 26 பவுண்டுதான். பின்னால் நான்கு பேர், மேலே மூட்டை, முர்த்தலில் பரோட்டா சாப்பிட்ட தெம்பில் நூறு கிலோமீட்டர் வேகம். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். அந்த மடிப்பு சூடாக மாறும். சூடு ரப்பரையும் நூலையும் பிரிக்கும். பிறகு ஒரே சத்தம்தான். வெடித்தபின் எல்லோரும் சாலையைத் திட்டுகிறார்கள், டயர் கம்பெனியைத் திட்டுகிறார்கள். காற்றை லேயிலேயே விட்டுவிட்டு வந்ததை யாரும் சொல்வதில்லை.

ஆகவே காற்றை எப்போதும் வண்டி ஓடாத காலையில் பாருங்கள். சூடான டயரிலிருந்து காற்றை இறக்காதீர்கள். கரடுமுரடான ஜல்லிப் பாதையில் பத்து இருபது சதவீதம் குறைக்கலாம். வேகத்தையும் கூடவே குறைக்க வேண்டும். மணலில் 15 முதல் 18 பவுண்டு. 15-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். குறைத்த காற்றோடு முப்பது நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வேண்டாம். தார்ச்சாலையைத் தொட்டதும் நிறுத்தி, திரும்ப அடித்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். இந்தக் கடைசி வேலைக்கு வண்டியில் ஒரு 12 வோல்ட் கம்ப்ரஸர் இருக்க வேண்டும். அது இல்லாதவன் காற்றைக் குறைக்கவே கூடாது என்பது என் கட்சி.

"புது வண்டியில் டயர் அழுத்தம் காட்டும் கருவியே இருக்கிறதே" என்பார்கள். நல்லது. அது எண்ணைக் காட்டும், காற்றை அடிக்காது. "நைட்ரஜன் போட்டிருக்கிறேன்" என்பார்கள். நாம் சுவாசிக்கிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அதுவும் வெப்பத்தில் விரியும், குளிரில் சுருங்கும். ஸ்டெப்னியை மட்டும் யாரும் நினைப்பதில்லை. அதிலும் மாதம் ஒரு முறை காற்றுப் பாருங்கள்.

சங்கத்துக்கு ஒரு யோசனை. நம் நூலகத்தில் புத்தகங்களோடு ஒரு நல்ல கேஜும் ஒரு கம்ப்ரஸரும் வாங்கி வைக்கலாம். மலைக்குப் போகிற உறுப்பினர் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போய், வந்ததும் திருப்பித் தரட்டும். ஒரு பெரிய டயரின் விலைகூட ஆகாது. செயற்குழு சம்மதித்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோருடைய வண்டிக்கும் காற்றுப் பார்த்துச் சொல்ல நான் வருகிறேன்.