நான்கு சில்லும் இழுக்கும் வாகனத்தை இழுப்பது எப்படி?

மாரி தொடங்கிவிட்டால் வன்னியின் மண் பாதைகளில் வாகனம் புதைவது புதினமல்ல. உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து சங்கிலி கொழுவி இழுத்தெடுப்பதில் எமது விவசாயிகள் கைதேர்ந்தவர்கள். ஆனால் பழுதான வாகனத்தைப் பட்டினத்துக் கராஜ் வரை இழுத்துச் செல்லும்போதுதான் நல்ல வாகனங்கள் கெட்டுப்போகின்றன என்பது எனது கருத்து.

சாதாரணக் காரில் முன் சில்லுகளை அல்லது பின் சில்லுகளை மட்டுமே எஞ்சின் சுழற்றும். அந்த இரண்டையும் தூக்கிவைத்து மற்ற இரண்டில் உருட்டிச் செல்லலாம். எப்போதும் நான்கு சில்லும் இழுக்கும் வாகனத்தில் இது ஆகாது. டொயோட்டா ஹையேஸ் வான்களிலும் இவ்வகை உண்டு. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் நடுவில் ஓர் இணைப்புச் சேர்த்துவைத்திருக்கிறது. ஒரு பக்கம் அசையாது நிற்க, மறுபக்கம் மைல் கணக்கில் சுழன்றால் அந்த இணைப்புச் சூடேறி அழிந்துபோகும். வெளியே ஒரு கீறலும் தெரியாது.

கியரை நியூற்றலில் விட்டால் போதும் என்பார்கள். ஒட்டோ கியர் வாகனத்துக்கு அது போதாது. கியர்பொக்ஸுக்குள் எண்ணெயைத் தள்ளும் பம்பைச் சுழற்றுவது எஞ்சின்தான். எஞ்சின் நின்றிருக்கச் சில்லு உருண்டால் உள்ளிருக்கும் பாகங்கள் எண்ணெயின்றித் தேயும்.

ஆகவே இத்தகைய வாகனத்தை லொறியில் முழுதாக ஏற்றிச் செல்வதே சரி. பழைய ஜீப்புகளிலும் பல பிக்கப்புகளிலும் நான்கு சில்லு இழுவையைத் தனி லீவரால் விடுவிக்கலாம். அவற்றுக்கு வேறு வழியுண்டு. அதையும் வாகனத்தின் கைநூலைப் பார்த்தே செய்யவேண்டும். பாவித்த வாகனத்தோடு வரும் கைநூல் ஜப்பான் மொழியில் இருப்பது எமது தலைவிதி!

லொறிக் கூலி கூட என்று தயங்குவது விளங்குகிறது. ஆனால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடம்பெயர்ந்த நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய வான் ஒன்றின் கியர்பொக்ஸ் போனால், ஒரு போகத்து விளைச்சலே அதற்குள் போய்விடும். இழுக்க வருபவருக்கு இது தெரியாதிருக்கலாம். சொல்லவேண்டியவர் உரிமையாளரே.

சேற்றிலிருந்து சில யார் தூரம் நான்கு சில்லும் நிலத்தில் உருள மெதுவாக இழுப்பதால் பாதகமில்லை. திறப்பைப் போட்டு ஸ்டியரிங் பூட்டை விடுவியுங்கள். எஞ்சின் நின்றால் பிரேக் இறுக்கமாயிருக்கும். உழவு இயந்திரத்தில் சங்கிலியை, பெட்டி கொழுவும் தாழ்ந்த இடத்திலேயே கொழுவுங்கள். அச்சுக்கு மேலே கொழுவினால் முன்சில்லு கிளம்பி, இயந்திரம் ஓட்டுபவர்மேல் கவிழும். சங்கிலி இறுகும்போது பிள்ளைகளை அருகே நிற்க விடவேண்டாம்.