கேஸ் கட்டு: சுருளி அருவி இரட்டைக் கொலையும் அமெரிக்காவின் ரத்தக் குப்பியும்

காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, கம்பம் பக்கம் போய் 'சுருளி கேஸ்' என்று சொன்னால் போதும். எந்த கேஸ் என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

2011 மே மாதம். சுருளி அருவிக்குப் போன ஒரு காதல் ஜோடி வீடு திரும்பவில்லை. சில நாட்கள் கழித்து அருவியை ஒட்டிய வனப்பகுதியில் இருவரின் உடல்களும் கிடைத்தன. இருவருமே கொடூரமாகக் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்தப் பெண் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டார் என்பதும் வழக்கில் சேர்ந்தது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் குடும்பம் குடும்பமாகப் போய்த் தர்ப்பணம் கொடுக்கிற இடம் அது. மாவட்டமே அதிர்ந்துபோனது.

போலீஸார் ஒருவரைக் கைது செய்தார்கள். 2018 மார்ச்சில் தேனி முதன்மை அமர்வு நீதிமன்றம் அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை உறுதி செய்தது. அதோடு கேஸ் முடிந்தது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள்.

முடியவில்லை. 2025 ஜூலை 15-ம் தேதி, நீதிபதிகள் விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு அவரை விடுதலை செய்தது. (சட்டப்படி அவர் இப்போது நிரபராதி. அதனால் பெயர் இங்கே வேண்டாம். இறந்தவர்களின் பெயரும் வேண்டாம்.)

இந்த மாதிரிச் செய்தியை நாங்கள் ஷேர் செய்தால் கமென்ட்டில் முதலில் வருவது, "கேஸ் எதுக்கு, அப்பவே சுட்டிருக்கணும்" என்பதுதான். கோபம் புரிகிறது. ஆனால் கேஸ் ஏன் உடைந்தது என்று பார்த்துவிட்டுக் கோபப்படுவோம்.

கொலையைக் கண்ணால் பார்த்த சாட்சி யாரும் இல்லை. கேஸ் முழுக்க சந்தர்ப்ப சாட்சியத்தில்தான் நின்றது. இப்படிப்பட்ட வழக்கில் ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததோடு கோக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் மொத்தமும் கழன்றுவிடும். இங்கே கெட்டியான கண்ணி என்று நம்பப்பட்டது டி.என்.ஏ. அதுதான் முதலில் கழன்றது. எடுத்த மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போவதில் தாமதம். ஏன் தாமதம் என்பதற்கு விளக்கம் இல்லை. இடையில் அது யார் கையில், எந்த நிலையில் இருந்தது என்பதற்குச் சரியான பதிவு இல்லை. மாசுபட்டிருக்க வாய்ப்பே இல்லை என்று உறுதியாகச் சொல்ல வழியில்லாதபோது, அந்த ரிப்போர்ட்டை வைத்து ஒருவரைத் தூக்கில் போட முடியாது என்றாகிவிட்டது.

இதைப் படிக்கும்போது அமெரிக்காவின் ஓ.ஜே.சிம்ப்சன் கேஸ் ஞாபகம் வராமல் இருக்காது. 1994 ஜூனில் முன்னாள் மனைவியையும் அவருடைய நண்பரையும் கொன்றதாகப் பிரபல ஃபுட்பால் வீரர் சிம்ப்சன் மேல் வழக்கு. அங்கேயும் டி.என்.ஏ.தான் அரசுத் தரப்பின் துருப்புச்சீட்டு. ஆனால் சிம்ப்சனிடம் எடுத்த ரத்தக் குப்பியை ஒரு துப்பறியும் அதிகாரி உடனே முறைப்படி பதிவு செய்து ஒப்படைக்கவில்லை. கையோடு சிம்ப்சன் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போய், அங்கே தடயம் சேகரித்துக்கொண்டிருந்தவரிடம் கொடுத்தார். எதிர்த்தரப்பு வக்கீல்கள் இதை விடுவார்களா? பிடித்து உலுக்கிவிட்டார்கள். 1995 அக்டோபர் 3-ம் தேதி, '12 பேர் கொண்ட ஜூரி குற்றவாளி இல்லை' என்றது. எட்டு மாதத்துக்கும் மேல் நடந்த விசாரணைக்கு, அவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்க ஆனது நான்கு மணி நேரத்துக்கும் குறைவு.

அங்கே இன்னொரு கதவும் இருந்தது. இறந்தவர்களின் குடும்பங்கள் சிவில் கோர்ட்டுக்குப் போனார்கள். அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, எந்தப் பக்கம் தட்டு தாழ்கிறது என்று பார்த்தால் போதும். 1997-ல் அந்த ஜூரி சிம்ப்சனைப் பொறுப்பாளி என்று சொல்லி, மொத்தம் 3.35 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது.

சுருளி தீர்ப்புக்கு வருவோம். அவரை விடுதலை செய்ததோடு நீதிபதிகள் நிறுத்தவில்லை. டி.என்.ஏ. மாதிரிகளை எப்படிக் கையாள வேண்டும் என்று நாடு முழுக்கப் பொருந்துகிற விதிகளைப் போட்டார்கள். மாதிரி எடுத்தவுடன் எஃப்.ஐ.ஆர். எண், தேதி, காவல் நிலையம், விசாரணை அதிகாரி விவரம் எல்லாம் எழுத வேண்டும். டாக்டர், விசாரணை அதிகாரி, தனிச் சாட்சி மூவரும் கையெழுத்து போட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் காரணத்தை கேஸ் டைரியில் எழுத வேண்டும். கோர்ட் அனுமதி இல்லாமல் பொட்டலத்தைப் பிரிக்கவோ மறுபடி சீல் வைக்கவோ கூடாது. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று கடைசி வரை ஒரு பதிவேடு இருக்க வேண்டும். கூரியர் பார்சல் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று போனில் பார்க்கிறோம் அல்லவா, கிட்டத்தட்ட அதுதான்.

தீர்ப்பு இன்னொன்றையும் தொட்டது. தவறாகத் தண்டிக்கப்பட்டு வருடக்கணக்கில் உள்ளே இருந்தவருக்கு இழப்பீடு உண்டா? அமெரிக்காவில் இருக்கிறது என்று சுட்டிக்காட்டிய கோர்ட், இங்கே அதை முடிவு செய்ய வேண்டியது சட்டம் இயற்றுபவர்கள் என்று விட்டுவிட்டது. அமெரிக்க மத்திய சட்டப்படி, மத்திய அரசு தொடுத்த வழக்கில் தவறாகச் சிறையிலிருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 50,000 டாலர் வரை, தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்திருந்தால் 1,00,000 டாலர் வரை. டெக்ஸாஸ் மாநிலத்தில் ஆண்டுக்கு 80,000 டாலர். எல்லா மாநிலங்களிலும் இப்படிச் சட்டம் இல்லை, எனவே அமெரிக்காவைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டாம். இந்தியாவில் 2018-லேயே சட்ட ஆணையம் தன் 277-வது அறிக்கையில் இதைப் பற்றி எழுதிவிட்டது. தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. ஏழு ஆண்டுகளுக்கு மேல் தூக்குக் கயிற்றை நினைத்துக்கொண்டே தூங்கியவருக்கு, கதவைத் திறந்துவிட்டதோடு சரி.

சரி, அந்த ஜோடியைக் கொன்றது யார்? பெற்றவர்களுக்கு இந்தத் தீர்ப்பு என்ன கொடுத்தது?

இங்கே கிர்க் பிளட்ஸ்வொர்த் கதையைச் சொல்ல வேண்டும். மேரிலாண்டில் 1984-ல் ஒன்பது வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். 'இவரைத்தான் பார்த்தோம்' என்று ஐந்து பேர் பிளட்ஸ்வொர்த்தைக் கைகாட்டினார்கள். தூக்குத் தண்டனை. மறுவிசாரணையில் அது ஆயுளாக மாறியது. சிறுமியின் உடையில் இருந்த தடயத்தை 1993-ல் டி.என்.ஏ. சோதனை செய்தபோது அது அவருடையது இல்லை என்று தெரிந்து வெளியே வந்தார். தூக்குத் தண்டனை பெற்று, பிறகு டி.என்.ஏ.வால் விடுதலையான முதல் அமெரிக்கர் அவர். பத்து ஆண்டுகள் கழித்து, 2003-ல், அதே தடயம் இன்னொருவரோடு பொருந்தியது. பிளட்ஸ்வொர்த் அடைபட்டிருந்த அதே சிறையில் வேறொரு வழக்கில் இருந்த ஆள். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்தச் சிறுமியின் குடும்பத்துக்குக் கடைசியில் ஒரு பெயர் கிடைத்தது.

சுருளியில் அந்தப் பெயர் இன்னும் கிடைக்கவில்லை.