யாருக்கு எரிச்சல்?

நான் பாடம் நடத்தும் கல்லூரியில் மாணவிகளுக்கு ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி நடந்தது. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'சாரி' சொல்றீங்கன்னு எண்ணிப் பாருங்க. 'தப்பா நினைச்சுக்காதீங்க', 'எனக்குத் தோணுச்சு, அவ்வளவுதான்' இதையெல்லாம் விட்டுடுங்க. கேக்கறவங்களுக்கு எரிச்சலா இருக்கும்" என்றார் பயிற்சியாளர். பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

யாருக்கு எரிச்சல் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இங்கே கேட்கிறேன்.

இப்படித் தயங்கித் தயங்கிப் பேசுவதைப் பெண்களின் மொழி என்று அடையாளம் காட்டியவர் அமெரிக்க மொழியியலாளர் ராபின் லேக்காஃப். அவருடைய நூல் 1975இல் வந்தது. பெண்களுக்கு அதிகாரம் மறுக்கப்பட்டிருப்பதோடு சேர்த்துத்தான் அவர் அதைப் பேசினார். பயிற்சிக்காரர்கள் அதிகாரத்தை விட்டுவிட்டார்கள், பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1980இல் வில்லியம் ஓபார், போமன் அட்கின்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் நீதிமன்றச் சாட்சிகளின் பேச்சை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். சமூகத்தில் தாழ்ந்த நிலையில் இருந்த ஆண்களும் கூண்டில் ஏறியதும் அப்படியே தயங்கிப் பேசினார்கள். தொழில் நிபுணராகச் சாட்சி சொல்ல வந்த பெண்களிடம் அந்தத் தயக்கம் குறைவாகவே இருந்தது. கோளாறு நாக்கில் இல்லை, நிற்கும் இடத்தில் இருக்கிறது.

நம் வீடுகளில் இதற்கு ஆய்வே தேவையில்லை. "அது தப்பு சித்தப்பா" என்று ஒரு பெண் நேராகச் சொல்லிப் பார்க்கட்டும். "வாய் நீளுது" என்பார்கள். வாயாடி என்ற பட்டம் அவளுக்கென்றே காத்திருக்கிறது. அடி விழும் என்று தெரிந்தவள்தான் 'தப்பா நினைச்சுக்காதீங்க' என்று கையை முன்னால் நீட்டிக்கொள்கிறாள். அடிப்பதை நிறுத்தச் சொல்லாமல் கையை இறக்கச் சொல்வது என்ன பயிற்சி?

அதற்காக நம் பேச்சில் திருத்த ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. என்னிடமே ஒன்று இருந்தது. "அம்மா என்ன பண்றாங்க?" என்று யார் கேட்டாலும், "சும்மா வீட்லதான் இருக்காங்க" என்பேன். விடியும் முன் எழுந்து, இட்லி மாவு அரைத்துத் தெருவில் விற்று, எனக்குத் தேர்வுக் கட்டணம் கட்டிய அம்மா அவர். அவரைக் கேட்டாலும் இதே பதில்தான்: "நான் சும்மாதாம்மா இருக்கேன்."

இந்தப் பேச்சு யாருக்கும் எரிச்சல் தருவதில்லை. அதனால்தான் எந்தப் பயிற்சியாளரும் இதைத் திருத்த வருவதில்லை.

அந்தச் 'சும்மா'வுக்கு அளவு உண்டு. 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் அந்த வேலையைத் தொட்ட ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான்.

நாம் வாய்தவறிச் சொல்வது அரசுப் பதிவேட்டிலும் ஏறிவிடுகிறது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளை உழைக்காதவர்கள் பிரிவில், பிச்சையெடுப்போரோடும் சிறைக் கைதிகளோடும் சேர்த்து வைத்தது. விபத்தில் இறந்துபோன ஓர் இல்லத்தரசிக்கு எவ்வளவு இழப்பீடு என்ற வழக்கில், 2010இல் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. செத்த பிறகாவது அவள் உழைப்புக்கு விலை கேட்டார்கள். உயிரோடு இருப்பவள் 'சும்மா' இருக்கிறாள்.

ஆகவே தோழிகளே, 'சாரி'யை எண்ண வேண்டாம். ஒரு வாரம் 'சும்மா'வை எண்ணுங்கள். நீங்கள் சொல்வதை, அம்மா சொல்வதை, "வேலைக்குப் போறீங்களா, சும்மா இருக்கீங்களா?" என்று கேட்பவர்களை. "வீட்டுவேலைல அவளுக்கு உதவி பண்றேன்" என்று பெருமைப்படும் ஆண்களையும் விட்டுவிடாதீர்கள். சொந்த வீட்டில் சாப்பிட்ட தட்டைக் கழுவுவது யாருக்குச் செய்யும் உதவி?

என் அம்மாவைப் பற்றி இப்போது யாராவது கேட்டால், "மாவு அரைச்சு விக்கிறாங்க, வீட்டையும் பாத்துக்கிறாங்க" என்கிறேன். நீங்களும் பதிலை மாற்றிப் பாருங்கள். கேட்பவர்களில் சிலருக்கு எரிச்சல் வரும். வரட்டும்.