கருவிக்கும் வயதுண்டு

கடையிற் புதிதாய் மின்னும் கைத்தொலைபேசி, உண்மையில் மூவாண்டு மூத்ததாயிருத்தல் கூடும். அதன் வயது நாம் வாங்கிய நாளிலிருந்தன்று. அது சந்தைக்கு வந்த நாளிலிருந்தே எண்ணப்படுகின்றது.

வயதால் வருங் கேடு யாது? கருவியை இயக்கும் மென்பொருளிற் காலந்தோறும் ஓட்டைகள் கண்டறியப்படுகின்றன. அவற்றை அடைக்குந் திருத்தங்கள், அன்ட்ரொயிட் கருவிகளுக்குக் கூகிளிடமிருந்து புறப்பட்டுக் கருவி செய்தோர் வழியே நம்மை அடைகின்றன. சில்லு செய்தோரும் துணைபுரிதல் வேண்டும். கருவி செய்தோர் கைவிட்டால் வரத்து நின்றுவிடும். கருவியோ முன்போலவே பேசும், படம் பிடிக்கும். ஆதலாற் குறை வெளித்தோன்றாது. வங்கிக் கணக்கை அதிற் பார்க்குங் குடும்பத்துக்கு இது சிறு குறையன்று.

2016 இல் வந்த முதற் பிக்சலுக்குக் கூகிள் மூவாண்டுப் பாதுகாப்புத் திருத்தமே உறுதியளித்தது. 2023 இல் வந்த பிக்சல் 8 இற்கு அஃது ஏழாண்டாயிற்று. 2024 சனவரியில் வந்த சாம்சுங் கலக்சி எஸ் 24 இற்கும் ஏழாண்டே. ஆயினும் அதனை 2027 இல் வாங்குவோர்க்கு எஞ்சுவது ஏறக்குறைய நான்காண்டுதான். 2025 யூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதியோ, ஐந்தாண்டுக் காலத்தை அவ்வகைக் கருவியின் விற்பனை முடிந்த நாளிலிருந்து எண்ணுகின்றது. நேர்மையான கணக்கு அதுவேயாகும்.

ஆதலின், பெற்றோர்க்கோ பிள்ளைக்கோ கருவி வாங்கப் புகுவோர், விலையை வினவுமுன் இரண்டை வினவுக: எவ்வாண்டு வெளிவந்தது? எவ்வாண்டு வரை திருத்தம் வரும்? திருத்தம் நின்ற கருவி வீட்டிலிருப்பின் எறிதல் வேண்டா. வங்கி அலுவலை அதனின்றும் நீக்கி, பாட்டுக் கேட்க வைத்துக்கொள்க.