மறைக்கக் கூடாத காய்ச்சல்

தாம்பரத்தில் மின்சார ரெயில் ஏறுகிறவர்கள் திரிசூலம் நிலையத்தைத் தாண்டித்தான் நகரத்துக்கு வருகிறார்கள். அதன் எதிரே விமான நிலையம். 2014 ஆகஸ்டு மாதம் அங்கே வந்து இறங்கிய தமிழ்நாட்டு வாலிபர் ஒருவர் வீட்டுக்குப் போகவில்லை. சென்னை அரசு பொது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டார்.

அவர் வந்தது கினி நாட்டில் இருந்து. மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள அந்த நாட்டில் அப்போது எபோலா நோய் ஜனங்களைக் கொன்று கொண்டிருந்தது.

டாக்டர்கள் சோதித்தார்கள். அவருக்கு நோய் இல்லை. நல்லவேளை! ஆனால், "ஆப்பிரிக்காவில் இருந்து வந்தவராம்" என்றதும் தெருவே கதவைச் சாத்திக் கொண்டால் அது சரியா?

சரி அல்ல.

1976-ல் காங்கோ நாட்டில் எபோலா ஆற்றுப் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டதால் நோய்க்கு இந்தப் பெயர். கிருமி உடம்பில் புகுந்து 2 முதல் 21 நாளுக்குள் நோய் தெரியும். திடீர்க் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி, அசதி. பிறகு வாந்தி, பேதி. சிலருக்கு ரத்தமும் கசியும். சராசரியாக இருவரில் ஒருவர் இறந்து விடுகிறார்.

கொடிய நோய்தான். ஆனாலும் அறிகுறி தோன்றும் முன்பு அது பிறருக்கு ஒட்டாது. சளி, இருமல் போலக் காற்றில் பரவாது. நோயாளியின் ரத்தம், வாந்தி, மலம் போன்றவை பட்டால்தான் ஒட்டும். ஆகவே தெருவில் போகிறவரை விட, பக்கத்தில் இருந்து பணிவிடை செய்கிற தாய்க்கும், மனைவிக்கும், நர்சுக்கும்தான் ஆபத்து அதிகம். பிணத்தைக் குளிப்பாட்டுகிறவருக்கும் ஆபத்து.

மறைத்தால் என்ன ஆகும்? அதே ஆண்டு ஜூலையில் லைபீரியாவில் இருந்து ஒருவர் நைஜீரியாவின் லாகோஸ் நகருக்குக் காய்ச்சலோடு வந்தார். மலேரியா என்றார். எபோலா நோயாளி அருகே போகவே இல்லை என்றார். அமெயோ அடடேவோ என்ற பெண் டாக்டர் அதை நம்பவில்லை. அவரை வெளியே விட மறுத்தார். நோயாளி இறந்தார். அடுத்த மாதம் அந்த டாக்டரும் அதே நோய்க்குப் பலியானார்.

லாகோஸ் சென்னையை விடப் பெரிய நகரம். நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடிப் பிடித்து, 21 நாள் கவனித்தார்கள். நாடு முழுவதிலும் 20 பேருக்கு நோய், 8 பேர் சாவு என்ற அளவில் அது நின்றது.

வெளிநாட்டில் இருந்து வந்தவருக்குக் காய்ச்சல் கண்டால், எங்கே போய் வந்தார் என்பதை முதலிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அக்கம் பக்கத்தார் ஏசுவார்கள் என்ற பயம் இருந்தால் யார்தான் வாய் திறப்பார்கள்?

சீக்கிரம் வந்தால் பிழைக்க வழி உண்டு. முக்கியமான ஒரு வகை எபோலாவுக்கு 2019-ல் தடுப்பூசியும், 2020-ல் மருந்தும் அனுமதி பெற்றுள்ளன. சந்தேகம் இருந்தால் 104 என்ற அரசு டெலிபோன் எண்ணில் கேட்கலாம்.